கொரியக் கலவைச் சோறும் நம் அடுப்படியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

‘பட்டப்படிப்புப் படிப்பவனுக்குக் கல்லூரி மலரில் எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை? சமையற்குறிப்பு எழுத வந்துவிட்டானே!’ என்று நண்பர்கள் சிலர் நகைக்கக் கூடும். விண்வெளி பற்றியும் அணு ஆற்றல் பற்றியும் ஆண்டுதோறும் எழுதுகிறோம். நாள்தோறும் நம்மைச் சோறூட்டி அனுப்புகிற அடுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் மலரின் மணம் குறைந்து விடாது என்ற துணிவோடு தொடங்குகிறேன். சமைப்பதும் வேதியியல்தான் என்பதை எங்கள் துறை ஆசிரியப் பெருமக்கள் மறுக்க மாட்டார்கள்.

கொரிய நாட்டின் மீது இன்று நம் மாணவர்களுக்கு இருக்கும் மோகம் எல்லோரும் அறிந்ததே. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் கைப்பேசி வழியே வீட்டுக்குள் நுழைந்த கொரியத் தொடர்கள் இன்னும் வெளியேறவில்லை. பாட்டு வந்தது, முகப்பூச்சு வந்தது, நெருப்பாய்க் காரும் நூடுல்ஸ் பொட்டலம் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோதே, கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வந்தன. அவர்களுக்கான உணவகங்களும் வந்தன. ஆகவே கொரியச் சோறு தமிழ் மண்ணுக்கு முற்றிலும் புதிதன்று. ‘அம்மா’, ‘அப்பா’ என்ற சொற்கள் இரு மொழியிலும் ஒலிக்கின்றன, ஆகவே நாம் உறவினர் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. உலகின் பல மொழிகளில் குழந்தை முதலில் உதிர்க்கும் ஒலிகள் இப்படித்தான் இருக்கின்றன. ஒரு நாட்டின் சோற்றைச் சுவைக்க அந்த நாட்டோடு இரத்த உறவு வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது ‘பிபிம்பாப்’ என்னும் சோற்றைப் பற்றி. ‘பிபிம்’ என்றால் கலத்தல். ‘பாப்’ என்றால் சோறு. அகன்ற கிண்ணத்தில் சூடான சோறு; அதன்மேல் வட்டமாக, ஒன்றோடொன்று சேராமல் ஐந்தாறு வகைக் காய்கறி; நடுவில் சிவந்த மிளகாய் விழுது; மேலே எள்ளெண்ணெய். பெரும்பாலும் ஒரு முட்டையும் கொஞ்சம் மாட்டிறைச்சியும் இருக்கும். உண்பவர் கரண்டியால் எல்லாவற்றையும் கிளறிக் கலந்து உண்பார். இதைச் சைவமாக வீட்டில் செய்வது எப்படி என்பதை விட, அப்படிச் செய்யும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைப் பற்றியே எனக்குக் கருத்து உண்டு. இறைச்சியை விடலாம், முட்டையை விடலாம், கடையில் விற்கும் கொரியப் புட்டியையும் விடலாம். ஒவ்வொரு காயையும் தனித்தனியே பக்குவம் செய்யும் உழைப்பை மட்டும் விடக்கூடாது. அந்த உழைப்பு வீட்டில் யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியையும் விடக்கூடாது.

நம் பக்கத்துக் கூட்டாஞ்சோற்றை எண்ணிப் பாருங்கள். அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய், கீரை எல்லாம் ஒரே பானையில் ஏறுகின்றன. ஒன்றின் சுவையை மற்றொன்று வாங்கிக்கொண்டு, கடைசியில் இது கத்தரியா மாங்காயா என்று பிரித்தறிய முடியாத ஒரு பொதுச் சுவை பிறக்கிறது. அது கூட்டாஞ்சோற்றின் அழகு. கொரியர் செய்வது இதற்கு நேர்மாறு. கீரை வேறு, கேரட் வேறு, காளான் வேறு, முள்ளங்கி வேறு என்று ஒவ்வொன்றும் தனக்குரிய உப்போடும் எண்ணெயோடும் தனியே பக்குவமாகிறது. இப்படிப் பக்குவம் செய்த காய்க்கு ‘நாமுல்’ என்று பெயர். அவை ஒன்றையொன்று சந்திப்பது கிண்ணத்தில்தான். கலப்பது உண்பவர் கையில்தான். ஒரு வாயில் முள்ளங்கி நறுக்கென்று கடிபடும், அடுத்த வாயில் கீரை வழுக்கும். எல்லாக் காயையும் ஒரே வாணலியில் கொட்டி வதக்கி, மிளகாய் விழுதைப் பிசைந்து, ‘கொரியச் சாதம்’ என்று பெயர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நன்றாகவே இருக்கலாம். ஆனால் அது காய்கறிச் சாதம்.

இறைச்சி இல்லாத பிபிம்பாப் குறைப்பிண்டமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ‘சியுயிஜொன்சொ’ என்னும் கொரியச் சமையல் நூலில் இந்தச் சோற்றின் செய்முறை இருக்கிறது. அதில் இறைச்சி உண்டு, முட்டை உண்டு. வசதியான வீட்டு அடுப்படியின் குறிப்பு என்று பார்த்தாலே தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், இன்று இந்தச் சோற்றின் அடையாளமாகவே விளங்கும் மிளகாய் விழுது அந்தக் குறிப்பில் இல்லை. எள்ளுப் பொடியும் எண்ணெயும்தான் சொல்லப்படுகின்றன. மிளகாயே கொரியாவுக்கு விருந்தாளிதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1614-இல் யி சூ-குவாங் என்னும் அறிஞர் எழுதிய நூல், மிளகாயை ஜப்பானிலிருந்து வந்த, கடும் நஞ்சுள்ள பொருள் என்றே குறிக்கிறது. நமக்கும் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்ததுதான் மிளகாய். அது இல்லாத சமையலை இன்று நாமும் எண்ணிப் பார்ப்பதில்லை, அவர்களும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே ‘அசல் பிபிம்பாப்’ என்று ஒன்றை நட்டு வைத்து அதிலிருந்து நாம் எவ்வளவு விலகினோம் என்று அளப்பது வீண் வேலை.

ஊருக்கு ஊர் அது மாறவும் செய்கிறது. ஜொன்ஜு நகரத்துச் சோறு மிகப் புகழ் பெற்றது. 2012-இல் யுனெஸ்கோ அந்நகரை உணவுக் கலை நகரங்களுள் ஒன்றாக ஏற்றது. அங்கே மரபுப்படி சோற்றையே மாட்டிறைச்சிச் சாற்றில் வேகவைப்பர். ஜின்ஜு நகரத்தில் மேலே பச்சை இறைச்சியை வைப்பர். ஆன்டொங் பகுதியில் மிளகாய் விழுதே கிடையாது. சோயா சாறு மட்டுமே. மலைப்பகுதிகளில் காட்டுக் கீரைகளை மட்டும் பரப்பி இறைச்சியே இல்லாமல் தருவர். இந்த மலைக்கீரைச் சோற்றுக்கு இன்று நல்ல மதிப்பு. ஆனால் அதன் பின்னே பசி இருக்கிறது. குளிர்கால நெல் தீர்ந்து, பார்லி கதிர் முற்றாமல் இருக்கும் இளவேனிற் காலத்தைக் கொரியர் ‘பார்லி மேடு’ என்று அழைத்தனர். அந்த மேட்டை ஏறிக் கடப்பதற்குள் ஏழைக் குடியானவர் மலையில் கிடைத்த தளையையும் வேரையும் தின்று உயிர் காத்தனர். வரப்போரத்துக் கீரையைப் பறித்துக் கடைந்து ஆறு பிள்ளைகளை வளர்த்த என் ஆச்சிக்கு இந்த வரலாற்றை விளக்க வேண்டியதே இல்லை.

எங்கள் வீட்டில் ஞாயிறு தோறும் மீன் உண்டு. மற்ற ஆறு நாளும் நாங்கள் சைவம்; கொள்கையால் அன்று, கையிருப்பால். நம் நாட்டில் ‘சைவம்’ என்ற சொல் தட்டில் இருப்பதை மட்டும் பேசுவதில்லை; தட்டை ஏந்தியவனின் பிறப்பையும் விசாரிக்கிறது. இந்தச் சோற்றைச் சைவமாக ஆக்க முயன்றபோது எனக்குக் கிடைத்த பெரிய வியப்பு, சைவம் என்பது உலகெங்கும் ஒரே பொருள் அன்று என்பதுதான். கொரியாவில் பௌத்த ஆலயங்களின் உணவு முழுக்க முழுக்க மரக்கறி உணவு. துறவு பூண்டவர் ஏற்ற நோன்பினால் வருவது அது. எந்த வீட்டில் பிறந்தார் என்பதனால் வருவதில்லை. அங்கே இறைச்சி மட்டுமன்றி ஐந்து காட்டமான பொருள்களும் விலக்கு: பூண்டு, வெங்காயத்தாள், அந்த இனத்துக் கீரைகள் இரண்டு, ஐந்தாவதாக ‘ஹுங்கோ’. இந்த ஹுங்கோ வேறொன்றுமில்லை, நம் பெருங்காயம் என்றே விளக்கம் தருகிறார்கள். கொரிய மண்ணில் விளையாத பொருள். விலக்குப் பட்டியலில் மட்டும் இடம் பிடித்திருக்கிறது! நம் ஊரில் வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீடுகளில் அந்த மணத்துக்கு ஈடாகப் போடுவது எது? அதே பெருங்காயம். இங்கே தூய்மையின் சின்னம், அங்கே துறவியின் மனத்தைக் கலைக்கும் பொருள். இதைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆலயத்துக்கு வெளியே கொரிய உணவு அவ்வளவு எளிதில் சைவமாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. கிம்ச்சியில் உப்பிட்டுப் புளிக்க வைத்த சிற்றிறாலோ மீன் சாறோ பெரும்பாலும் இருக்கும். சூப்புக்கு அடிப்படை நெத்திலிக் கருவாடு வெந்த நீர். மிளகாய் விழுதிலேயே மாட்டிறைச்சி சேர்த்து வறுக்கும் வகையும் உண்டு. ஜொன்ஜு சோற்றில் அரிசியே சாற்றில் வெந்தது என்று முன்பே சொன்னேன். ஆகவே கறி தின்னாத நண்பனுக்குப் பரிமாறுபவன் புட்டியின் முன்பக்கத்துப் பச்சைப் புள்ளியைப் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இது அவனுக்கு நாம் காட்டும் சலுகை அன்று, அவனுடைய உரிமை. கொரிய எழுத்தாளர் ஹான் காங் 2007-இல் வெளியிட்ட புகழ் பெற்ற நாவலில், இறைச்சியைக் கைவிட்ட ஒரு பெண்ணின் வாயில் அவள் தந்தையே கறியைத் திணிக்கிறார். அதை எழுதியவர் 2024-இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே தின்ன மறுப்பவள் துன்புறுகிறாள். இங்கே தின்பவன் துன்புறுவதையும் நாம் காண்கிறோம். இரண்டிலும் தட்டு அவரவருடையது என்ற எளிய உண்மைதான் மறக்கப்படுகிறது.

இனி அடுப்புக்கு வருவோம்.

முதலில் அரிசி. கொரியர் உண்பது குட்டையான, ஒட்டும் அரிசி. அரிசி மாவுப்பொருளில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு வகை உண்டு என்பதை நாம் கரிம வேதியியலில் படித்திருக்கிறோம். அமைலோஸ் குறைந்தால் சோறு ஒட்டும், மிகுந்தால் உதிரும். நம் பொன்னி உதிரும் பக்கம் சாய்ந்தது. புழுங்கலரிசியோ இன்னும் விறைப்பு. இதற்காக வெளிநாட்டு அரிசியைத் தேடி அலைய வேண்டாம். பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, கஞ்சி வடிக்காமல், ஒன்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் வைத்துச் சிறு தீயில் வேகவிட்டு, இறக்கிய பின் பத்து நிமிடம் மூடியே வைத்தால் போதும். எங்கள் வீட்டில் ரேஷன் கடைப் பச்சரிசியில்தான் செய்கிறேன். குழையக் கூடாது. பின்னால் கரண்டி போட்டுக் கிளறப் போகிறோம். இப்போதே குழைந்தால் முடிவில் களியாகும்.

காய்கறிக்கு வருகிறேன். இங்கேதான் பொறுமை வேண்டும். பசலையோ அரைக்கீரையோ எதுவாயினும் கொதிக்கும் உப்பு நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, இரு கையாலும் இறுகப் பிழிய வேண்டும். பிழிந்த பிறகே உப்பும் எண்ணெயும் எள்ளும். பிழியாத கீரை கிண்ணத்தில் நீர் விட்டு மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கொரியர் போடும் இளம் பூசணி இனக் காய்க்குப் பதிலாகச் சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய். அதை மெல்லிதாக அரிந்து உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்தால் சவ்வூடு பரவலால் நீர் தானே வெளியேறும். அதையும் பிழிந்துவிட்டு வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். கேரட்டைத் தீக்குச்சி அளவில் நறுக்கி இரண்டு நிமிடம் வதக்குவது. (தீக்குச்சி அளவு என்று சமையல் நூல்கள் சொல்வதை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அம்மா இருபது ஆண்டாகத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறார்.) முள்ளங்கியைச் சீவி, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு, சிட்டிகைச் சர்க்கரை சேர்த்துப் பச்சையாகவே பிசறி வைப்பது. சிப்பிக்காளானைக் கையால் கிழித்து, வெறும் வாணலியில் அதன் நீர் வற்றும் வரை வைத்து, பிறகு ஒரு கரண்டி சோயா சாறு. பச்சைப்பயற்று முளையை ஆவியில் இரண்டு நிமிடம். ஐந்து போதும், ஏழு இருந்தால் சிறப்பு. பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என ஐந்து நிறம் வரவேண்டும் என்பது கொரிய மரபு. ஐந்து திசைகளோடு அதனை இணைத்துச் சொல்வர். முட்டை இல்லாவிட்டால் மஞ்சளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொஞ்சம் மஞ்சள் தூள் தூவி வதக்கிய முட்டைக்கோசு நன்றாகவே நிற்கிறது.

கொரியக் கிண்ணத்தில் பழுப்பு நிறமாக ஒரு தளை இருக்கும். அது ஒருவகைப் பெரணியின் இளங்குருத்து. காய வைத்து, ஊற வைத்து, நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டிய பிறகே உண்பர். ஏனெனில் அதில் இயல்பாகவே நச்சுப் பொருள் உண்டு. மலைக்குச் சுற்றுலா போகும் தாவரவியல் நண்பர்கள் பெரணியைப் பார்த்ததும் பறித்து வந்துவிட வேண்டாம். அதற்கு ஈடாக நம் வீட்டுப் பானையிலேயே ஒன்று இருக்கிறது: வற்றல். கொரியரும் கத்தரிக்காயையும் பூசணியையும் வெயிலில் உலர்த்தி வைத்து, ஆண்டின் முதல் முழுநிலா நாளில் ஊறவைத்துச் சமைக்கிறார்கள். நான் ஆச்சி போட்ட கத்தரி வற்றலை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, நல்லெண்ணெயில் வதக்கிச் சோயா சாறு விட்டேன். இறைச்சி இல்லாத குறையைத் தீர்த்தது அந்த வற்றல்தான். மெல்லுவதற்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். கொரிய எள்ளெண்ணெய் நன்கு வறுத்த எள்ளில் பிழிந்தது. மணம் காட்டமாக எழும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைக் கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டியது, மணம் வேறு. நல்லெண்ணெயை அப்படியே விட்டால் கொரிய மணம் வராது. ஆனால் ஒரு பிடி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, சூடு ஆறுமுன் அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கிக் கடைசியில் தூவினால் அந்த இடைவெளி பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது.

அடுத்து அந்தச் சிவந்த விழுது, பெயர் ‘கொச்சுஜாங்’. மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசி, புளிக்க வைத்த சோயாப் பயற்று மாவு, முளைவிட்ட பார்லி, உப்பு ஆகியவற்றைக் கலந்து மண்சாடியில் மாதக் கணக்கில் வெயிலில் வைத்து முதிர விடுவர். முளைவிட்ட பார்லியின் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன. நுண்ணுயிரிகள் பயற்றின் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. இனிப்பும் காரமும் ஆழமான ஒரு சுவையும் சேர்ந்து வருவது அதனால்தான். இவ்வகைப் பயற்று விழுதுகளைத் தயாரிக்கும் மரபை 2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட ஒன்றை ஐந்து நிமிடத்தில் வீட்டில் செய்யலாம் என்று காணொளிகளில் சொல்வது பொய். மிளகாய்த்தூள், வெல்லம், சோயா சாறு, குழைந்த சோறு கொஞ்சம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை அரைத்தால் சுவையான துவையல் கிடைக்கும், நானும் செய்திருக்கிறேன், அதற்குக் கொச்சுஜாங் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் நூற்றுக்கணக்கில் விலை கொடுத்துப் புட்டி வாங்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. ஆன்டொங் ஊர்க்காரர்கள் சோயா சாற்றோடு உண்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? சோயா சாறு நம் ஊர் மளிகைக் கடையில் சிறு புட்டியாகக் கிடைக்கிறது. கொரிய நாட்டிலேயே மிளகாய் விழுது இல்லாத ஒரு மரபு இருக்கும்போது, அது இல்லாததால் நம் கிண்ணம் தாழ்ந்துவிடுமா? உதவித்தொகைப் பணத்தில் பாதியைப் புட்டிக்கும் பொட்டலத்துக்கும் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் பேருந்துக்குக் கடன் கேட்கும் நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்கள் விரும்புவது கொரியாவையா, கொரியா என்று அச்சடித்த தாளையா?

ஆன்டொங் சோற்றுக்குப் பின்னே ஒரு கதை உண்டு. அதன் பெயரே ‘பொய்த் திதிச் சோறு’ என்று பொருள்படும். முன்னோர்க்குப் படையலிட்ட பிறகு அந்த உணவைக் கலந்து உண்பது அங்கு வழக்கம். இரவெல்லாம் கண்விழித்துப் படித்த கனவான் வீட்டு மாணவர்களுக்குப் பசி எடுத்ததாம். அக்கம்பக்கத்து ஏழைகள் அறிய நள்ளிரவில் விருந்து சமைக்க வெட்கப்பட்டு, திதி என்று பொய் சொல்லி உண்டார்களாம். மாணவனாகிய எனக்கு அந்தப் பசி புரிகிறது. ஆனால் அந்த நள்ளிரவில் ஐந்தாறு நாமுலைத் தனித்தனியே பக்குவம் செய்தது யார்? கதை அதைச் சொல்வதில்லை. நாமே ஊகிக்கலாம்.

கொரியாவில் அறுவடைத் திருநாளும் புத்தாண்டும் வந்தால், கணவன் வீட்டு முன்னோர்க்குப் படையல் சமைப்பது மருமகள்களின் கடமை. நாள் முழுதும் அரிந்து, வேகவைத்து, பொரித்து, அந்தத் திருநாளுக்குப் பின் பெண்களுக்கு வரும் உடல்நோவுக்கும் மனச்சோர்வுக்கும் ‘திருநாள் நோய்’ என்று பொருள்படும் ஒரு பெயரே அங்கே வழங்குகிறது. 2022 செப்டம்பரில், கன்பூசிய நெறியின் தலைமை நிறுவனமாகிய சொங்க்யுன்க்வான், படையலுக்கு ஒன்பது வகை போதும், எண்ணெயில் பொரித்த பண்டங்கள் கட்டாயமில்லை என்று அறிவித்தது. மரபின் காவலர்களே இறங்கி வந்தார்கள் என்றால் அடுப்படியின் புழுக்கம் அவர்களையும் எட்டியிருக்க வேண்டும். அந்த ஒன்பதிலும் நாமுல் உண்டு என்பது வேறு செய்தி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆகவே ‘படிக்கிற பிள்ளை’ என்று வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்த விடமாட்டார்கள். அக்கா பன்னிரண்டோடு நின்று வேலைக்குப் போகிறாள். வந்து சமைக்கவும் செய்கிறாள். முதல் முறை நான் அடுப்படிக்குள் நுழைந்தபோது, “ஆம்பளப் பிள்ளைக்கு அங்க என்னடா சோலி?” என்றார் ஆச்சி. சோறு முடிந்து கலந்து கொடுத்ததும் ஒரு வாய் உண்டு பார்த்துவிட்டு, “ருசியாத்தான் இருக்கு. கீரைய இன்னும் கொஞ்சம் பிழிஞ்சிருக்கலாம்” என்றார். அக்கா உண்ணவில்லை; தொட்டியைப் பார்த்தாள். “தம்பி, ஒரு நேரச் சோத்துக்கு எத்தனை பாத்திரம் போட்டிருக்கே? எண்ணிப் பாரு” என்றாள். எண்ணினேன். பதினான்கு. கழுவினேன்.

அக்காவின் கேள்விதான் இந்தச் சோற்றைப் பற்றி எழுதப்படும் அழகான கட்டுரைகளில் எல்லாம் விடுபட்டுப் போகிறது. நிறங்களைப் புகழ்கிறார்கள், திசைகளைப் புகழ்கிறார்கள், சத்துகளைக் கணக்கிடுகிறார்கள். பதினான்கு பாத்திரத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. தனியாகச் செய்தால் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இருவர் சேர்ந்தால் முக்கால் மணி. வெளிறிய காயில் தொடங்கிக் கரியதில் முடித்தால் ஒரே வாணலி போதும்: முதலில் முளை, பிறகு சுரை, பிறகு கேரட், கடைசியில் காளானும் வற்றலும்; இடையே கழுவ வேண்டியதில்லை. கொரியப் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் முறை இது. இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் எட்டாகக் குறைந்திருக்கிறது. ஆலயத் துறவியர் இதில் நமக்கெல்லாம் முன்னோடிகள். அவர்கள் உண்டு முடித்ததும் கிண்ணத்தில் நீர் ஊற்றி, மிச்சம் வைத்த ஒரு துண்டு கிம்ச்சியாலோ முள்ளங்கியாலோ அதனைத் துடைத்து, அந்த நீரையும் அருந்தி விடுவார்கள். அவரவர் கிண்ணம், அவரவர் வேலை. பேக்யாங்சா ஆலயத்தைச் சேர்ந்த பிக்குணி ஜொங் க்வான் 2017-இல் ஓர் ஆவணத் தொடரின் வழியே உலகப் புகழ் பெற்றார். அவருடைய சமையலைப் பார்த்து வியந்தவர்கள் இந்தக் கிண்ணம் கழுவும் பழக்கத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

காந்தலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உண்டவர்கள் மன்னிக்க மாட்டார்கள். கொரியர் சூடேற்றிய கல் கிண்ணத்தில் எண்ணெய் தடவிச் சோற்றைப் பரப்புவர்; அடியில் பொன்னிறமாக ஒரு பொருக்கு ஏறும். வீட்டில் மாக்கல் சட்டி இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஏறக்குறைய அதே வகைக் கல்தான். வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்தால் வெடித்துவிடும். எண்ணெயும் சோறும் போட்ட பிறகே சிறு தீயில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் இரும்புத் தோசைக்கல்தான். படபடவென்று ஓசை கேட்கும் வரை, ஏழெட்டு நிமிடம். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் இணையும் மெய்யார்டு வினை என்று தேர்வில் எழுதுகிறோமே, அதன் மணம் அடுப்படி முழுதும் பரவும். ஒட்டிய பொருக்கில் கொரியர் வெந்நீர் ஊற்றி, ஊறியதும் அந்த நீரைப் பருகுகிறார்கள். நம் வீடுகளில் அடிப்பிடித்த பானையில் நீர் ஊற்றி வைத்து மறுநாள் நீராகாரமாகக் குடித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நான் பார்த்த ஒரு விடுதியில், கறி போடும் நாளில் சைவத்துக்கு ஒரு வரிசை, அசைவத்துக்கு ஒரு வரிசை, தனித்தனி மேசை. கரண்டி மாறிவிட்டால் சண்டை. யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைக் கவனிப்பதற்கென்றே சில கண்கள் இருக்கும். பிபிம்பாப் அமைப்பில் அந்தத் தொல்லை இல்லை. சோறும் ஆறு காயும் எல்லோருக்கும் பொது; ஒரே வரிசை. வரிசையின் கடைசியில் வேண்டுவோர் முட்டையோ கறியோ வைத்துக்கொள்ளட்டும். வேண்டாதோர் வற்றலை எடுத்துக்கொண்டு அதே மேசையில் அமரட்டும். காய்கள் இந்த ஊர்ச் சந்தையில் கிடைப்பவை. சோயா சாறு ஒன்றுதான் புதுச் செலவு. நம் கல்லூரி விடுதியின் உணவுக் குழுவினர் அடுத்த பருவத்தில் ஒரு நாள் முயன்று பார்க்க இசைந்தால், காய் அரிய எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாத்திரம் கழுவ இதுவரை பெயர் கொடுத்தவர்கள் இருவர். அதில் ஒருவன் நான். இன்னும் நால்வர் வேண்டும்.